நல்லா விழுறவன்: சாட்ஸ்வொர்த் வீட்டில் இத்தனை வருஷம் ரெஸ்லிங் பார்த்த அனுபவம்

அமெரிக்க ரெஸ்லிங்கின் வருடாந்தரப் பெருவிழாவான ரெஸ்ஸில்மேனியாவின் 13-வது ஷோவில் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதிய மேட்சை இதுவரை நாற்பது தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். முதல் தடவை பார்த்தது 1997-ல். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த், பேவியூவில் எங்கள் வீடு. மாமா எங்கிருந்தோ வாங்கி வந்த வீடியோ கேசட் அது. நகலுக்கு நகல் எடுத்தது என்பதால் திரையின் மேல்பக்கம் வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியாகப் பார்த்தது போன மாதம், போனில், பஸ்ஸில் போகும்போது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நேரலையில் பார்த்த சூட்டோடு நட்சத்திரம் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது, வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது எந்த மேட்ச் தாங்கியது, எது வெளுத்துப் போனது என்பதை. இந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆயா.

ஆயா டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்வார்களே, அந்தத் தெருக்கூத்தைச் சின்ன வயதில் கோயில் திடலில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர். அந்தக் கேசட் ஓடிய அன்றைக்கு மாமா, "யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்க ஆயா, எல்லாம் பொய்" என்றார். ஆயா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "துரியோதனன் சாவான்னு தெரியாமலாடா நாங்க போய் உக்காந்தோம்?" கொஞ்ச நேரம் கழித்து, ஆஸ்டினைக் காட்டி, "இந்த மொட்டையன் நல்லா விழுறான்டா" என்றார்.

அந்த மேட்சில் பிரெட்தான் நல்லவன், ஆஸ்டின்தான் கெட்டவன். முடியும்போது அது தலைகீழாகியிருக்கும். பிரெட் காலைக் குறிவைத்து அடிக்கிறார். ரிங் தூணில் ஆஸ்டினின் காலைச் சுற்றிப் போட்டு இழுக்கிறார். அதற்குப் பிறகு ஆஸ்டின் ஒவ்வொரு அடி எடுத்து வைப்பதையும் கவனியுங்கள். ஓங்கிக் குத்தும்போதுகூட அந்தக் காலில் பாரத்தைப் போடுவதில்லை. குத்திவிட்டுத் தடுமாறுவார். எதிராளியை அடித்து நொறுக்கும்போதும் தன் வலியை மறக்காமல் இருப்பது மிகப் பெரிய வித்தை. கடைசியில் ஷார்ப்ஷூட்டர் என்ற, காலை மடக்கி முதுகை வளைக்கும் பிடியில் குப்புறக் கிடக்கிறார். நெற்றி ரத்தம் பல்லிடுக்கு வரை வழிகிறது. ஒரு தடவை கையை ஊன்றி எழும்பிப் பிடியை முக்கால்வாசி உடைத்தேவிடுகிறார். பிரெட் மறுபடி இறுக்குகிறார். ரெஃபரி கென் ஷாம்ராக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆஸ்டின் தோல்வியை ஒத்துக்கொள்ளவே இல்லை, மயங்கிப் போகிறார். மயங்கியவனை பிரெட் மேலும் அடிக்கப் போனதும் கூட்டம் பிரெட்டைத் திட்ட ஆரம்பிக்கிறது. யார் உதவியும் வேண்டாமென்று நொண்டிக்கொண்டே ஆஸ்டின் வெளியே போகிறபோது அதே கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. ஒரு வார்த்தை வசனம் இல்லை. அத்தனையும் விழுந்த விதத்தில் நடந்தது.

இதை ரெஸ்லிங்காரர்கள் 'செல்லிங்' என்பார்கள். வாங்காத அடியை வாங்கியதாகப் பார்க்கிறவன் உடம்பில் உறைக்க வைப்பது. என் கணக்கில் மேட்சைத் தாங்குவது இது ஒன்றுதான். தாவல், பல்டி எல்லாம் மூன்றாம் தடவையிலேயே பழகிப்போகும்.

விழுவது சுலபம் என்று நினைத்தால் ஒரு தடவை உள்ளூர் ஷோவில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். நான் இருபதுகளில் இருந்தபோது ஒரு சமூகக் கூடத்தில் அப்படிப் பார்த்தேன். ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் ஒரு மெல்லிய ஃபோம், மேலே கித்தான் துணி, அவ்வளவுதான். ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, தூக்கி எறியப்பட்டு என் கண்ணெதிரே விழுந்தான். மோவாயை நெஞ்சோடு ஒட்ட வைத்து, மேல்முதுகை முழுசாகப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் தரையை அறைந்து விழுந்தான். டிவியில் 'டப்' என்று கேட்பது அங்கே நெஞ்சுக்குள் இடித்தது. தூக்கிப் போட்டவன் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டான். பையன் கண் திறக்காமலே அவன் மணிக்கட்டை ஒரு தரம் அழுத்தினான். நலமாக இருக்கிறேன் என்று சொல்கிறான் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்த அழுத்தலைப் பார்த்த பிறகு, இது பொய் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

இன்னொரு பழசு, 1987 ரெஸ்ஸில்மேனியா 3-ல் ராண்டி சாவேஜ் – ரிக்கி ஸ்டீம்போட் மேட்ச். அன்றைக்கு ஹோகன், ராட்சத உடம்புக்காரர் ஆந்த்ரேவைத் தூக்கிப் போட்டதைத்தான் உலகம் பேசியது. அது ஒரு போட்டோ. இரண்டாம் தடவை பார்க்க அதில் ஒன்றுமில்லை. சாவேஜ் – ஸ்டீம்போட் பதினைந்து நிமிடத்துக்கும் குறைவுதான், ஆனால் ஒரு நொடி வீணில்லை. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர். ஸ்டீம்போட் அதற்குள்ளே மூச்சைக் கொண்டுவந்தவர். கதைப்படி அவர் தொண்டையை சாவேஜ் ஏற்கெனவே நசுக்கியிருக்கிறார். அடி விழும்போது ஸ்டீம்போட்டின் கை எங்கே போகிறது என்று பாருங்கள். தண்ணீரில் மூழ்குகிறவன் மாதிரி காற்றைத் தேடும்.

நேர வித்தியாசம் எங்களுக்கு ஒரு பெரிய தண்டனை. அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி நடப்பது தென்னாப்பிரிக்காவில் திங்கள் விடியற்காலை. 2009 ஏப்ரலில் ஹூஸ்டனில் நடந்த ரெஸ்ஸில்மேனியா 25-ஐப் பார்க்க ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு அப்படியே வேலைக்குப் போனேன். அண்டர்டேக்கர் – ஷான் மைக்கேல்ஸ், முப்பது நிமிடத்துக்கு மேல். அண்டர்டேக்கர் கயிற்றுக்கு மேலே பாய்ந்து வெளியே தலைகுப்புற விழுந்தபோது கழுத்து ஒடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் திரும்பத் திரும்ப நான் போடுவது வேறு இடம். எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தலையைத் தரையில் இடிக்கும் டூம்ஸ்டோன் போட்ட பிறகும், ரெஃபரி மூன்று எண்ணுவதற்குள் மைக்கேல்ஸ் தோளைத் தூக்கிவிடுகிறார். அண்டர்டேக்கர் முகத்தைப் பாருங்கள். கண் பிதுங்கி நிற்கிறது. இருபது வருஷமாகச் செத்தவன் மாதிரி முகத்தை வைத்திருந்த ஆள் முதல் தடவையாகப் பயப்படுகிறார். இருபது வருஷம் சேர்த்து வைத்ததை ஒரே நொடியில் செலவு செய்தார். நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த முகபாவம் அது.

ஜப்பான் ரெஸ்லிங் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. 2017 ஜனவரி 4, டோக்கியோ டோமில் ஒகாடா – கென்னி ஒமேகா. 46 நிமிடத்துக்கு மேல் நடந்த இந்த மேட்சுக்கு, ரெஸ்லிங் விமர்சகர் டேவ் மெல்ட்ஸர் ஆறு நட்சத்திரம் போட்டார். அதுவரை உச்சம் ஐந்து என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். முதல் தடவை நானும் வாயைப் பிளந்தேன். ஐந்தாம் தடவை பார்த்தபோது முதல் இருபது நிமிடத்தை ஓட்டிவிட்டேன். அங்கே வாங்கிய அடி எதுவும் பிற்பாதியில் மீதியில்லை. அதைவிட 2018 ஒசாகாவில் அவர்கள் மூன்றில் இரண்டு என்று மோதியது எனக்கு மேல். ஒரு மணி நேரம் தாண்டிய பிறகு ஒகாடாவால் நிற்கவே முடியவில்லை. கை ஓங்குகிறது, உடம்பு அந்தக் கையோடு போகாமல் சரிகிறது. இங்கே களைப்புதான் கதை.

நம்மாட்களைப் பற்றி, அதாவது இந்திய வம்சாவளி ரெஸ்லர்களைப் பற்றி. இந்த இடத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 2017 மே மாதம் ஜிந்தர் மஹால், ராண்டி ஆர்ட்டனைத் தோற்கடித்து டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனபோது எங்கள் தெருவில் பாதி வீடு துள்ளிக் குதித்தது. பிரெட் ஹார்ட்டின் அப்பா நடத்திய கால்கரி ஸ்டாம்பீடு ரெஸ்லிங்கில் பெயர் எடுத்த காமா சிங்கின் சொந்த அக்காள்/தங்கை வழி மருமகனோ அண்ணன் தம்பி வழி மகனோ, எப்படியானாலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 170 நாள் பெல்ட்டை வைத்திருந்தார். நான் திரும்பப் பார்த்தது ஒரே ஒரு மேட்ச், அதையும் முழுசாகப் பார்க்க முடியவில்லை. உடம்பைச் செதுக்கி வைத்திருந்த மனுஷனுக்கு எழுதிக் கொடுத்ததெல்லாம், "என் நிறத்தைப் பார்த்து வெறுக்கிறீர்கள்" என்று அமெரிக்கக் கூட்டத்தைத் திட்டுகிற வேலை மட்டும். அதற்கு முன்னால் கிரேட் காலி, அவருக்கு நடப்பதே கஷ்டம். விழ விடாமலே ஒருவரை மலையாக நிறுத்தி வைத்தால் பார்க்கிறவனுக்கு அவர்மேல் பாசம் எப்படி வரும்?

ஜஸ்டின் கேப்ரியல் விஷயத்தில் வருத்தம் இன்னும் அதிகம். கேப் டவுனில் பிறந்தவர், பெயர் பால் லாயிட். அப்பாவும் ரெஸ்லர். 2010 ஜூனில் நெக்ஸஸ் கும்பல் புகுந்து ஜான் சீனாவை அடித்து ரிங்கையே பிரித்துப் போட்டதே, அதில் ஒருவர். அவருடைய 450 ஸ்பிளாஷ், மேல்கயிற்றிலிருந்து ஒன்றேகால் சுற்றுச் சுழன்று எதிராளி மேல் வயிறு படிய விழுவது, அவ்வளவு மென்மையாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் பத்து நிமிடம் அடி வாங்கி, பிறகு அந்தத் தாவலுக்கு வந்து சேர்கிற மாதிரி ஒரு முழு மேட்ச் கொடுத்திருந்தால்! எப்போது பார்த்தாலும் மூன்று நிமிடம், ஒரு தாவல், முடிந்தது. 2015-ல் விலகினார்.

சில கேசட்டுகளை இனி போடுவதில்லை. ஓவன் ஹார்ட், 1994 ரெஸ்ஸில்மேனியாவில் அண்ணன் பிரெட்டையே தோற்கடித்த அந்த அருமையான ஆட்டக்காரர், 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில் உயரத்திலிருந்து இறக்கப்படும்போது விழுந்து இறந்தார். அவர் மேட்சுகளை இன்னும் பார்க்கிறேன், கண் கலங்கினாலும் பார்க்கிறேன். கிறிஸ் பென்வா மேட்சுகளை மட்டும் 2007-க்குப் பிறகு தொட முடியவில்லை. மனைவியையும் சின்னப் பிள்ளையையும் கொன்றவர். தலையால் பாய்ந்து விழுகிற அவர் ஸ்டைலை அந்த நாளில் கைதட்டி ரசித்தவர்களில் நானும் ஒருவன். டிவிடிகளை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

2022 ஜூனில் கோடி ரோட்ஸ் மார்புத் தசை கிழிந்த நிலையில் செத் ராலின்ஸோடு கூண்டுக்குள் மோதினார். ஆஸ்டின் ரத்தம் சிந்தின அதே ரோஸ்மான்ட் அரங்கம்தான். மேலங்கியைக் கழற்றியபோது நெஞ்சு முழுக்கக் கத்தரிக்காய் நிறம். எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தத் துணிச்சலுக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் மறுபடி பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நடிக்க வேண்டிய வலியை அன்றைக்கு அந்த மனுஷன் நிஜமாகவே அனுபவித்துக்கொண்டிருந்தார்.

அதே கோடி, 2023 ரெஸ்ஸில்மேனியா 39. ரோமன் ரெய்ன்ஸோடு அந்த ஷோவின் கடைசி மேட்ச். விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு, கோடி எழுந்து நிற்கிற நேரம் பார்த்து எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் போனில் இரண்டே வார்த்தை அனுப்பினான்: "கோடி அவுட்." அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து மிச்சத்தைப் போட்டேன். தோற்கப்போகிறான் என்று தெரியும். தெரிந்தும், ரோமனின் ஆள் சோலோ சிகோவா நுழைந்து அடிக்கிற இடத்தில் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஆயா ஞாபகம் வந்தது. அவர் போய்ப் பல வருஷமாகிறது.

இப்போது கூடப் பார்ப்பது மகள். பதினொரு வயது. அவளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டியது 2015 அக்டோபரில் பெய்லி – சாஷா பாங்க்ஸ் முப்பது நிமிட மேட்ச். நடுவில் சாஷா, முன்வரிசையில் இருந்த பெய்லியின் குட்டி ரசிகை ஒருத்தியின் தலைப்பட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் அவளைப் பார்த்தே கிண்டல் செய்வாள். அந்தச் சிறுமி தேம்பித் தேம்பி அழுவாள். மகளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குஷனை எடுத்து டிவி மேல் எறிந்தாள். முடிந்ததும் நான் கேட்டேன், பெய்லிதானே பிடித்தது என்று.

"இல்லப்பா, சாஷா. கடைசில அவ கை வலிச்சுது பாருங்க, எனக்கும் வலிச்சுது."

சொல்லிக்கொண்டே தன் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.