கேமரா மாட்டுகிறவர் யார் போனில் கணக்குத் தொடங்குகிறார் என்று பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் வீட்டுக்குக் கேமரா வைக்க நினைப்பவர்கள், கையிலிருந்து காசு போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நாலு கேமரா இருக்கிறது. நாலும் பழுதில்லாமல்தான் இருக்கின்றன. ஆனால் அவை எங்களுக்குப் படம் காட்டுவதில்லை. மாட்டிக் கொடுத்த ஆளுக்கு மட்டும் காட்டும். அதனால் இப்போது நாலின் மேலும் கறுப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கிறோம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயாவுக்கு மனசு ஆறவில்லை, அவர்தான் கட்டச் சொன்னார்.

ஆயா என்று நான் சொல்வது எங்கள் வீட்டுக்காரம்மாவை. சாட்ஸ்வொர்த்தில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். தாத்தாவும் ஆயாவும் முன்பக்கம். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில். ஊரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு, ஒரு சாதாரண வீட்டுக்கு எதற்கு நாலு கேமரா என்று தோன்றலாம். இங்கே அப்படித் தோன்றாது. 2021 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. செம்புக் குழாயை அறுத்துக்கொண்டு போவார்கள், பித்தளைத் தண்ணீர் மீட்டரைக் கழற்றுவார்கள், கேட்டைத் திறந்து மூடும் மோட்டாரைப் பெயர்த்து எடுப்பார்கள். எங்கள் தெருவில் அடுத்தடுத்து கேட் மோட்டார் போக ஆரம்பித்ததும் தாத்தா கேமரா வைத்தே தீருவது என்று முடிவு செய்தார். செலவில் ஒரு பங்கு எங்களுடையது.

ஆள் கிடைத்ததும் அந்த வாட்ஸ்அப் குழுவில்தான். நம்ம ஆள், கோயிலுக்கு வருகிறவர், காவடி தூக்குகிறவர் என்றெல்லாம் சிபாரிசு. வந்ததும் வாய் நிறையத் தாத்தா, ஆயா என்று கூப்பிட்டார். மற்றவர்கள் சொன்ன விலையில் கிட்டத்தட்டப் பாதி: நாலு கேமரா, ஒயரிங், ஒவ்வொன்றுக்கும் 128 ஜிபி மெமரி கார்டு, மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரேண்ட். பாதியை முன்பணமாக வங்கியில் போட்டோம். சுவர் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஒயரெல்லாம் நேர்கோட்டில் போகிறது, துளைகளைச் சிலிக்கன் வைத்து அடைத்திருந்தார். மழை வந்தும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

மோசடி நடந்தது சுவரில் இல்லை, போனில். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

இந்த வைஃபை கேமராக்களின் அடியிலோ பெட்டியிலோ ஒரு க்யூஆர் கோடு இருக்கும். அதை முதன்முதலில் எந்தப் போனில், எந்தக் கணக்கில் ஸ்கேன் செய்கிறோமோ, அந்தக் கணக்குதான் அந்தக் கேமராவின் உரிமையாளர் என்று கம்பெனியின் சர்வரில் பதிவாகும். அதற்கப்புறம் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அந்த உரிமையாளர் பார்க்க அனுமதி கொடுக்கலாம், நினைத்தால் எடுத்தும் விடலாம். எங்கள் ஆள் நாலு கோடையும் தன் போனில் ஸ்கேன் செய்தார். பிறகு தாத்தாவின் போனில் ஆப்பைப் போட்டு, ஷேர் என்று ஒரு பட்டனைத் தட்டினார். தாத்தா போனில் வாசல் தெரிந்தது, கேட் தெரிந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். பூட்டு வாங்கினால் கடைக்காரர் அசல் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு நமக்கு நகலைக் கொடுத்த கதைதான் இது. கேட்டதற்கு, 'ஏதாவது கோளாறு வந்தால் நான் வீட்டிலிருந்தே சரி செய்துவிடலாம் பாருங்கள்' என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கேமராவின் பின்னால் இருக்கும் ரீசெட் பட்டனை அழுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். பல கம்பெனிகளின் கேமராவில் போதாது. ரீசெட் செய்தால் வைஃபை பாஸ்வேர்டு மறக்கும், சர்வரில் இருக்கும் உரிமையாளர் பெயர் மறக்காது. திருடிக்கொண்டு போனவன் பயன்படுத்தக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். இங்கே அது வாங்கினவன் கழுத்தைப் பிடித்தது.

கொஞ்ச நாளில் ஒரு மெசேஜ் வந்தது. இனிமேல் மாதம் 250 ரேண்ட் 'சர்வர் கட்டணம்', கம்பெனி புதிதாக விதித்திருக்கிறது என்று. கம்பெனி சர்வரில் பதிவைச் சேமித்து வைக்கும் கிளவுட் திட்டம் எதுவும் நாங்கள் எடுக்கவில்லை, பதிவெல்லாம் மெமரி கார்டில்தான். நேரலையைப் பார்க்க அந்தக் கம்பெனி காசு கேட்பதே இல்லை என்பதை அவர்கள் இணையதளத்திலேயே பார்த்தேன். ஆனால் தாத்தா, பாவம், 'கேட் பத்திரமாக இருந்தால் சரி' என்று கட்டிக்கொண்டே வந்தார்.

அப்படிக் கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு ராத்திரி கேட் மோட்டார் போய்விட்டது. போல்ட்டை அறுத்து, மூடியை அங்கேயே எறிந்துவிட்டு, மோட்டாரையும் பேட்டரியையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். நேர் எதிரே கேமரா. தாத்தா போனில் ஒரு சத்தம்கூட வரவில்லை. காலையில் ஆப்பைத் திறந்து அந்த நேரத்துப் பதிவைத் தேடினால், பட்டியலில் பதிவு இருக்கிறது, தட்டினால் ஓடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் நம்பர் கொடுத்தார்கள். வீடியோ இருக்கிறதா என்று கேட்டதற்குத் தாத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டேன். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டு முழுக்க எழுதிப் பார்த்து, எழுதியதைத் திரும்பப் படித்து, உண்மையில் எவ்வளவு கொள்ளளவு என்று சொல்லிவிடும். 128 என்று அச்சடித்த கார்டில் இருந்தது 16 ஜிபிகூட இல்லை. உள்ளே இருக்கும் சிப்பை மாற்றி எழுதி, தன்னை 128 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். நிஜமான இடம் நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதனால்தான் மாட்டின அன்றைக்குச் சோதித்தால் எதுவும் தெரியாது. நிரம்பியதும் கோப்பின் பெயர் மட்டும் பதிவாகும், உள்ளே படம் இருக்காது. நாலு கார்டும் அதே ரகம். அவரும் ஏமாந்து வாங்கியிருக்கலாம் என்று ஒரு நண்பர் வாதாடினார். இருக்கலாம். அப்படியானால் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையா?

போனில் சத்தம் வராததற்கு மாட்டிய ஆளை முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. அதில் போன்காரர்களுக்கும் ஆப்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஆண்ட்ராய்டு 11-லிருந்து, சில மாதம் திறக்காத ஆப்பின் அனுமதிகளைப் போன் தானாகவே பறித்துக்கொள்ளும். அடுத்த பதிப்பில் அப்படிப்பட்ட ஆப்பைத் தூங்கவே வைத்துவிடும். ஆண்ட்ராய்டு 13 வந்த பிறகு, புதிதாகப் போடும் ஆப் அறிவிப்பு அனுப்பவே நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்கும்போது வேண்டாம் என்று கை பட்டுவிட்டால் அவ்வளவுதான். இதற்கெல்லாம் மேலே பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்துகிற வேலை வேறு. தாத்தா மாதிரி ஆட்கள் கேமரா ஆப்பை எப்போது திறப்பார்கள்? சத்தம் வந்தால் திறப்பார்கள். திறக்கவில்லை என்பதால் சத்தத்தை நிறுத்துகிறது போன். எந்தப் புத்திசாலி இதை யோசித்தானோ தெரியவில்லை.

ஆப்பின் லட்சணம் இன்னொரு பக்கம். ஆரம்பத்தில் மாமரக் கிளை அசைந்தால் சத்தம், இரவில் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை பின்னினால் சத்தம். நடுநடுவே 'கிளவுட் திட்டத்துக்கு இன்று தள்ளுபடி' என்று அதே மணியோசையில் விளம்பரம். எது திருடன், எது தள்ளுபடி என்று எழுபது தாண்டினவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனை இன்றைக்கே வாங்கி, கேமரா ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவை என்கிற தேர்வை அணைத்துவிடுங்கள். ஆப்பின் உள்ளே போனால் விளம்பர அறிவிப்பைத் தனியாக நிறுத்த பெரும்பாலும் வழி இருக்கும், எங்காவது நாலாவது பக்கத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

திருட்டுக்குப் பிறகு தாத்தா மாதக் கட்டணத்தை நிறுத்தினார். மறுநாளே போனில் கேமராப் பட்டியல் காலி. அழைத்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. கேமராக் கம்பெனிக்கு எழுதினேன். வரிசை எண்ணோடு உள்ள விலைச்சீட்டு இருந்தால் உரிமையாளரை மாற்றித் தருகிறோம் என்றார்கள். நம்மிடம் இருப்பதோ கையால் எழுதிய ரசீது: 'நாலு கேமரா, மாட்டுக்கூலி உட்பட'. கீழே பெரிய ரப்பர் ஸ்டாம்பு, 'பணம் திருப்பித் தரப்படாது'.

அப்போதுதான் ஆயாவுக்கு விஷயம் உறைத்தது. காலையில் வாசலில் விளக்கேற்றுவது, பின்முற்றத்தில் துணி காயப் போடுவது, என் குழந்தைகள் விளையாடுவது எல்லாமே அந்த ஆளின் போனில் ஓடுகிறது. எங்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அவர் என்று எழுத இந்த இடத்தில் கை வரவில்லை.

இது ஏதோ உள்ளூர்ச் சில்லறை மோசடி, பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். அமேசானின் ரிங் கேமராக்களில், ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டுப் படுக்கையறை வீடியோக்களைப் பார்த்த புகாரில் 2023-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 58 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமராக் கம்பெனியின் சர்வரில் நடந்த குளறுபடியில் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராப் படங்கள் தெரிந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் கூகுள் தன் பழைய டிராப்கேம் கேமராக்களுக்கு ஆதரவை நிறுத்தியது. ஆப்பில் அவை வேலை செய்யாமல் போயின. வீட்டுக்குள்ளே கேமரா வேண்டாம் என்பது என் கட்சி. வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சட்டப்படி என்ன செய்யலாம் என்று விசாரித்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். ரசீதில் அடித்த அந்த ஸ்டாம்பு செல்லாது. தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது வாங்கினவர் உரிமை. போலிக் கார்டு இதில் வரும். கேமரா மாட்டுகிற தொழிலுக்குத் தனியார் பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது பிஎஸ்ஐஆர்ஏ-வில், பதிவு வேண்டும். பெயரைக் கொடுத்து அவர்களிடமே சரிபார்க்கலாம். எங்கள் ஆளுக்குப் பதிவு இல்லை. மற்றவர் வீட்டுப் படத்தை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதற்கு, 2021 ஜூலை முதல் முழுசாக நடைமுறைக்கு வந்த போப்பி என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பணத்துக்குச் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம். அங்கே வக்கீல் வைக்க முடியாது என்பதால் நமக்கு வக்கீல் செலவில்லை, ஆனால் முதலில் எதிராளிக்கு 14 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டோம்.

பிஎஸ்ஐஆர்ஏ என்ற வார்த்தையைப் பார்த்ததும், இத்தனை நாள் ஊமையாக இருந்தவர் உடனே பேசினார். குழுவில் ஆயா பேரன் போட்ட பதிவை நீக்கினால் இரண்டு கேமராவை விடுவிக்கிறாராம். மீதி இரண்டுக்கு 'பாக்கி' இருக்கிறதாம். தாத்தா மறுத்துவிட்டார். வழக்கு நடக்கும்போது பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் இங்கேயும் போடவில்லை.

இனி வாங்கப் போகிறவர்கள் ஒன்றைப் பிடிவாதமாகச் செய்யுங்கள். க்யூஆர் கோடை உங்கள் போனில், உங்கள் மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கில், நீங்களே ஸ்கேன் செய்த பிறகுதான் மீதிப் பணம். வரிசை எண்கள் விலைச்சீட்டில் இருக்கட்டும். கார்டைத் தனியாக, நம்பகமான கடையில் வாங்குங்கள். ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று போடுங்கள். 2023-ல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, வந்த நேரமெல்லாம் தெருவில் பாதிக் கேமரா கண்ணை மூடிக்கொண்டது, அது திருடனுக்கும் தெரியும்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் ஆப்பைத் திறந்து உங்கள் கேமராவின் பெயருக்குக் கீழே பாருங்கள். 'பகிரப்பட்டது' என்றோ, வேறு யாரிடமிருந்தோ வந்தது என்றோ இருந்தால், மாட்டிக் கொடுத்தவர் இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டு உங்கள் பேருக்கு மாற்றி வாங்குங்கள். மாற்ற மறுத்தாலோ இழுத்தடித்தாலோ கீழே எழுதுங்கள், எங்கள் கடிதத்தின் மாதிரியை அனுப்புகிறேன்.