பட்டாயாவில் எங்கே தங்குவது: பீச் ரோடா, ஜோம்தியெனா?

தாய்லாந்தின் பட்டாயாவுக்குப் போகிறேன், நல்ல ஹோட்டலாகச் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பக்கம் தங்கப் போகிறீர்கள்? ஊர் கடலோரமாக வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. வடக்கே நக்லுவா. நடுவில் பீச் ரோடும் அதற்கு இணையாக செகண்ட் ரோடும் ஓடும் மையப் பட்டாயா. அதன் தெற்கு முனையில் வாக்கிங் ஸ்ட்ரீட்டும் பாலி ஹாய் படகுத் துறையும். அப்புறம் பிரதும்னாக் குன்று. குன்றைத் தாண்டி இறங்கினால் ஜோம்தியென். நம் ஊர் டிராவல்ஸ்காரர்கள் போடும் பேக்கேஜில் பெரும்பாலும் மையப் பட்டாயாதான் இருக்கும். நான் இரண்டு பக்கமும் தங்கியிருக்கிறேன். அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனபோது ஜோம்தியெனைத் தேர்ந்தெடுத்தேன். குடும்பத்தோடு போகிற யாருக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

மையப் பட்டாயாவின் வசதிகள் தெரிந்தவைதான். அறையை விட்டு இறங்கினால் கடை, மால், மசாஜ், சாப்பாடு எல்லாம் காலடியில். சென்ட்ரல் மால் கடலைப் பார்த்தபடி பீச் ரோட்டிலேயே இருக்கிறது. வடக்கு முனையில் டெர்மினல் 21 என்ற இன்னொரு மால். இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் தெற்குப் பட்டாயாவில்தான் அதிகம். இரவுக் கொண்டாட்டத்துக்காகவே போகும் நண்பர் கூட்டம் வேறு இடம் யோசிக்கவே வேண்டாம். குடும்பத்துக்கு இடிப்பதும் அதே விஷயம்தான். இருட்டிய பிறகு பீச் ரோடு நடைபாதையிலும் பல சந்துகளிலும் பாலியல் தொழில் வெளிப்படையாகவே நடக்கிறது. குடும்பமாகப் போகிறவர்களை யாரும் தொந்தரவு செய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் போகும்போது, எந்தச் சந்தில் திரும்புவது என்று யோசித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். பார்கள் இருக்கும் சந்தில் அறை எடுத்தால் நடுராத்திரி தாண்டியும் பாட்டுச் சத்தம் ஓயாது.

கடல் என்று வந்தால் ஜோம்தியென் பக்கம்தான் கை ஓங்கும். பட்டாயா கடற்கரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர், ஜோம்தியென் சுமார் 6 கிலோமீட்டர். இரண்டிலும் மணல் அரித்துப்போய், வெளியிலிருந்து மணலைக் கொண்டுவந்து கொட்டித்தான் அகலப்படுத்தியிருக்கிறார்கள். மையத்தில் கரையோரம் விரைவுப் படகுகள் வரிசையாக நிற்கும், குளிக்க ஒதுக்கிய இடம் குறைவு. ஜோம்தியெனிலும் படகுகளும் ஜெட் ஸ்கியும் உண்டு. நீளம் அதிகம் என்பதால் மிதவைக் கயிறு கட்டிய பகுதியாகப் பார்த்து இறங்க முடிகிறது. வடக்கு முனையில் டோங்டான் என்ற பகுதி இருக்கிறது. அங்கே மரநிழலோடு, வண்டித் தொந்தரவு இல்லாத நடைபாதை. முழங்கால் வலி இருக்கும் அம்மா காலையிலும் மாலையிலும் அங்கே தனியாகவே நடந்து வந்தார். மையத்தில் பீச் ரோட்டைக் கடக்கக்கூட நான் கூடப் போக வேண்டியிருந்தது.

சரி, ஜோம்தியென் தள்ளி இருக்கிறதே, தினமும் போய்வர டாக்ஸிக்கே பணம் கரைந்துவிடாதா என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். என் முடிவு நின்றதே இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பட்டாயாவின் பொதுப் போக்குவரத்து சோங்தேவ். தாய்லாந்துப் பணத்தின் பெயரால் பாத் பஸ் என்றும் சொல்வார்கள். கருநீல நிறப் பிக்கப் வண்டி. பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்ச், மேலே கூரை, கூரையில் அங்கங்கே பெல் பொத்தான். நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி குறிப்பிட்ட தடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கை காட்டினால் நிற்கும், ஏறி உட்கார வேண்டியதுதான். இறங்கும் இடம் வந்ததும் பொத்தானை அழுத்தி, இறங்கி, முன்பக்கம் போய் ஓட்டுநரின் ஜன்னலில் காசைக் கொடுக்க வேண்டும். மையத்துக்குள் சுற்ற ஆளுக்கு 10 பாத் என்பதுதான் நெடுநாள் வழக்கம். ஜோம்தியென் வரை போனால் 20 பாத் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பணம் போவது பேச்சில்தான். ஏறும் முன் "எவ்வளவு?" என்று கேட்டால், நீங்கள் வண்டியை மொத்தமாக வாடகைக்குக் கேட்பதாகத்தான் ஓட்டுநர் எடுத்துக்கொள்வார். 10 பாத் சவாரி நூறு, இருநூறு என்று ஏறிவிடும். ஓரமாக நிறுத்தி வைத்து "எங்கே போகணும்?" என்று கூப்பிடும் காலி வண்டியும் அப்படித்தான். ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பார்த்து ஏறுங்கள், எதுவும் பேசாதீர்கள். சரியான சில்லறை கையில் இருக்கட்டும். நடுவில் பித்தளை நிறமும் சுற்றிலும் வெள்ளி நிறமுமாக ஒரு 10 பாத் நாணயம் வரும். கடைகளில் மீதிச் சில்லறையாக அது கிடைக்கும்போதெல்லாம் நான் தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன்.

தடத்தையும் ஒருமுறை மனதில் போட்டுக்கொண்டால் போதும். பீச் ரோடு ஒருவழிச் சாலை, வடக்கிலிருந்து தெற்கே மட்டும். செகண்ட் ரோடு அதற்கு நேரெதிர், தெற்கிலிருந்து வடக்கே. ஜோம்தியெனிலிருந்து ஏறினால் வண்டி தப்ரயா சாலை வழியாகக் குன்றைத் தாண்டி, நேராக செகண்ட் ரோட்டில் நுழைந்து வடக்கே போகும். மால் பக்கம் போக இதுவே போதும், மாறி ஏற வேண்டியதில்லை. திரும்பும்போது பீச் ரோட்டில் தெற்கே போகும் வண்டியைப் பிடித்து, தெற்குப் பட்டாயா சாலையும் செகண்ட் ரோடும் சந்திக்கும் மூலையில் இறங்குங்கள். வாட் சைமோங்கோன் கோயிலுக்கு அருகே ஜோம்தியென் வண்டிகள் வரிசையில் நிற்கும். ஆள் நிரம்பியதும் கிளம்பும். இந்த இடத்தில் மட்டும் நிற்கும் வண்டியில் தயங்காமல் ஏறலாம்.

ஜோம்தியெனில் ஹோட்டல் எங்கே என்பதை இந்தத் தடம்தான் தீர்மானிக்க வேண்டும். தப்ரயா சாலை கடற்கரையைத் தொடும் இடத்தில் காவல் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கடலோரச் சாலையிலேயே தெற்கே, சையப்ருயெக் சாலை வரைக்கும் உள்ள பகுதியில் அறை பாருங்கள். வாசலில் நின்றாலே வண்டி கிடைக்கும். இன்னும் தெற்கே நா ஜோம்தியென் பக்கம் அழகான ரிசார்ட்டுகள் இருக்கின்றன. அதே பணத்துக்குப் பெரிய அறையும் நீச்சல் குளமும் வரும். ஆனால் ஒவ்வொரு முறை வெளியே போகவும் போல்ட், கிராப் செயலியில் கார் கூப்பிட வேண்டும். அறையில் மிச்சம் பிடித்தது காருக்குப் போய்விடும்.

விமான நிலையத்திலிருந்து வருவதிலும் ஜோம்தியெனுக்கு ஒரு வசதி. பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் 1-ஆம் தளத்தில் 8-ஆம் வாசல் அருகே பட்டாயா பேருந்துக்கான கவுண்ட்டர் இருக்கிறது. டாக்ஸிக்கு ஆயிரம் பாத்துக்கு மேல் ஆகும் பயணம் இதில் ஆளுக்கு 150 பாத்துக்குள் முடியும், சுமார் இரண்டு மணி நேரம். இந்தப் பேருந்து கடைசியாக வந்து நிற்பது ஜோம்தியெனில், தப்ரயா சாலையில். மையத்தில் தங்குகிறவர்களை சுகும்வித் நெடுஞ்சாலையோரச் சந்திப்புகளில் இறக்கிவிடும். பெட்டியோடு அங்கிருந்து இன்னொரு வண்டி பேச வேண்டும். இரவு வெகுநேரம் கழித்து இறங்கினால் பேருந்து இருக்காது. சென்னையிலிருந்து போகும் மலிவு விலை விமானங்கள் சில பாங்காக்கின் இன்னொரு விமான நிலையமான தோன் மியூவாங்கில் இறங்கும் என்பதால் அதில் போகிறவர்களுக்கும் இது பொருந்தாது. நான்கு பேர் என்றால் காரே பேசிவிடுங்கள்.

ஜோம்தியெனுக்கு நான் தரும் ஒரே எச்சரிக்கை வாடகை அடுக்ககங்கள் பற்றியது. சமையலறையோடு, கடலைப் பார்த்த பால்கனியோடு மலிவாகக் கிடைக்கும். சாம்பார் வைத்துச் சாப்பிடலாம் என்று ஆசை வரும். ஆனால் தாய்லாந்துச் சட்டப்படி ஹோட்டல் உரிமம் இல்லாத வீட்டை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. பல அடுக்ககங்களில் நாள் வாடகைக்கு அனுமதி இல்லை என்று வரவேற்பறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போய் வாசலில் வாக்குவாதம் செய்துகொண்டு நிற்க வேண்டாம். சமையலறை வேண்டுமென்றால் உரிமம் உள்ள சர்வீஸ் அபார்ட்மெண்ட் பாருங்கள்.

சாப்பாட்டில் மையம்தான் மேல், இதில் மறுப்பில்லை. ஜோம்தியெனிலும் இந்தியக் கடைகள் இருக்கின்றன, தேர்வு குறைவு. சுத்த சைவக்காரர்கள் காய்கறி ஃப்ரைடு ரைஸ் கேட்கும்போது மீன் சாஸ், சிப்பி சாஸ், முட்டை மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை தெரிந்தால் அது தாய்லாந்துச் சைவக் கடை, தைரியமாக உட்காரலாம். பூண்டும் வெங்காயமும்கூட அதில் சேர்ப்பதில்லை.

மழைக்காலக் கணக்கு வேறு. செப்டம்பர், அக்டோபரில் பெருமழை பெய்தால் மேட்டுப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் கடலைத் தேடி இறங்கி வரும். பீச் ரோட்டிலும் செகண்ட் ரோட்டிலும் முழங்கால் அளவு நிற்பதுண்டு. ஜோம்தியெனில் தேங்கவே தேங்காது என்று சொல்ல மாட்டேன். நான் இரண்டு பக்கமும் தங்கியது வறண்ட மாதங்களில்தான்.

நக்லுவா பற்றியும் கேட்பார்கள். பகல் நேரத்தில் போய் வந்த அளவுதான் எனக்குப் பழக்கம். வோங்கமாட் கடற்கரை அமைதியானது, ஹோட்டல்கள் விலை கூடியவை. மரத்தாலேயே எழுப்பிய சத்தியக் கோயில் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1981-ல் தொடங்கிய செதுக்கு வேலை இன்னும் முடியவில்லை. உளிச் சத்தம் கேட்கக் கேட்கவே உள்ளே சுற்றலாம். லான் போ மீன் சந்தையில் இறாலும் நண்டும் வாங்கினால், பக்கத்திலேயே சுட்டுத் தருகிறார்கள். அசைவக் குடும்பம் ஒரு மாலையை அதற்காகவே ஒதுக்கலாம். தங்க எப்படி இருக்கும் என்பதை அங்கே இரவு கழித்தவர்களிடம் கேட்பதுதான் நியாயம்.

எந்தப் பக்கம் தங்கினாலும் சில விஷயம் பொது. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை அரசு தளத்தில் நிரப்புங்கள்; அது இலவசம், பணம் கேட்டால் அது வேறு தளம். வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாத்துக்குக் குறையாமல் பிடிக்கும். அதனால் கையில் ரொக்கம் கொண்டுபோய் ஊருக்குள் இருக்கும் நாணய மாற்றுக் கடையில் மாற்றுவது லாபம். இ-சிகரெட் நாட்டுக்குள்ளேயே கொண்டுபோகக் கூடாது. கடற்கரையில் சிகரெட் பிடித்தாலும் அபராதம் உண்டு. ஜெட் ஸ்கி எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஏறும் முன் அதன் நான்கு பக்கமும், அடிப்பாகமும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், பாஸ்போர்ட்டை யாரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள். பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்கும் தகராறு அங்கே பெயர்போனது.

மையத்தில் தங்குவதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டென்றால் அது கோ லான் தீவு. பாலி ஹாய் துறையிலிருந்து 30 பாத் படகில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் தீவு. தண்ணீரின் தெளிவு பட்டாயா, ஜோம்தியென் இரண்டுமே கிட்ட வர முடியாதது. தெற்குப் பட்டாயாவில் தங்கினால் துறைக்கு நடந்தே போகலாம். ஜோம்தியெனிலிருந்து வருகிறவர்கள் செகண்ட் ரோடு மூலையில் இறங்கி, அங்கிருந்து துறைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டார் சைக்கிள் டாக்ஸி. நாங்கள் அந்த ஒரு நாளுக்கு மட்டும் செயலியில் கார் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பினோம். நீங்களும் அப்படிச் செய்தால், தீவில் இறங்கியதும் முதல் வேலையாகத் துறையில் எழுதிப் போட்டிருக்கும் கடைசிப் படகு நேரத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் படகு நிற்கும் தவாயென் கடற்கரைக்கும் நாபான் துறைக்கும் நேரங்கள் தனித்தனி.