எஸ்விடி லைட்னிங்கில் விப்பிள் 2.3: புல்லியோடு நிறுத்தாதீர்கள்

என்னிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டு ஃபோர்டு எஸ்விடி லைட்னிங். அதில் கம்பெனியிலிருந்து வந்த ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜரை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி; பிளோயர் என்றும் சொல்வோம்) இறக்கிவிட்டு, விப்பிள் 2.3 லிட்டர் ட்வின் ஸ்க்ரூவை, அதாவது இரட்டைத் திருகு பிளோயரை, ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். லைட்னிங் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "புல்லி மட்டும் மாத்தினா போதாதா?" என்பதுதான். பெல்ட் சுற்றும் அந்தச் சக்கரத்தின் அளவை மாற்றி, பழைய பிளோயரையே வேகமாகச் சுற்றவைக்கும் வழி அது. போதாது என்பது என் பதில். பூஸ்ட் மீட்டர் முள் ஒரே இடத்தில் நின்றாலும் இரண்டு பிளோயர்களும் ஒன்றாகிவிடாது. மீட்டர் அழுத்தத்தைத்தான் காட்டும், சூட்டைக் காட்டாது. நான் காசு கொடுத்து வாங்கியது அந்தச் சூட்டைக் குறைப்பதற்குத்தான்.

இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1999 முதல் 2004 வரை வந்த இரண்டாம் தலைமுறை லைட்னிங், எஃப்-150 பிக்கப்பின் மேல் ஃபோர்டின் வேக வண்டிகளுக்கான எஸ்விடி குழு கட்டிய வண்டி. இரும்பு பிளாக் கொண்ட 5.4 லிட்டர் வி8, அதன் மேல் சூப்பர்சார்ஜர், இரண்டுக்கும் நடுவில், அமுங்கிச் சூடான காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர். முதலில் 360 குதிரைத்திறன்; 2001 முதல் 380, டார்க் (சுழற்று விசை) 450 பவுண்ட்-அடி. கம்பெனி பூஸ்ட், அதாவது காற்றின் கூடுதல் அழுத்தம், 8 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 8 பவுண்ட்). பின்னால் சரக்குத் தொட்டியோடு 4,600 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒரு ட்ரக், சிக்னலில் ஸ்போர்ட்ஸ் கார்களைத் திணறடித்த காலம் அது. இன்றும் அதன் இழுவையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

நான் வாங்கும்போதே முந்தைய உரிமையாளர் எஞ்சினின் கிராங்க் பக்கத்துப் புல்லியைப் பெரிதாக்கி, பிளோயர் வேகமாகச் சுற்றும்படி வைத்திருந்தார். லைட்னிங்காரர்கள் எல்லோரும் செய்யும் முதல் வேலை அது. செலவு குறைவு, ஒரு மதியத்தில் முடிந்துவிடும், பூஸ்ட் 8-லிருந்து 12-க்குப் போய்விடும். ஹூஸ்டனில் ஜனவரி மாதக் காலையில் ஓட்டினால் ஆளை இருக்கையோடு அழுத்தும். அதே வண்டியை ஆகஸ்ட் மதியம் அதே சாலையில் மிதித்தால் முதல் இழுப்பு பரவாயில்லை, இரண்டாவதில் ஏதோ மூச்சு வாங்கும். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. காற்று கொதிக்கிறது, அவ்வளவுதான்.

அது ஏன் என்று பார்த்தால்தான் இந்த மாற்றத்தின் அருமை புரியும். ஈட்டன் எம்112 என்பது ரூட்ஸ் வகை. 1860-இல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய ஊதுகருவியின் வம்சம். அது தனக்குள் காற்றை அமுக்குவதில்லை. ஒரு பக்கத்தில் அள்ளி மறுபக்கத்தில் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. வெளிவாசல் திறக்கும் அந்தக் கணத்தில், எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் ஏற்கெனவே அழுத்தத்தில் நிற்கும் காற்று எதிர்த்துப் பாயும். அந்த மோதலில்தான் அழுத்தம் ஏறும், கூடவே சூடும் ஏறும். 8 பி.எஸ்.ஐ. வரை இது பெரிய விஷயமில்லை. அதற்கு மேல் வேகமாகச் சுற்றவைத்தால், கூடுதலாகக் கிடைப்பதில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும்.

ட்வின் ஸ்க்ரூ அப்படியல்ல. ஸ்வீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஷோல்ம் 1930களில் உருவாக்கிய அமைப்பு அது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுற்றும் இரண்டு திருகுகள். அவற்றின் நடுவில் சிக்கும் காற்று முன்னே நகர நகர இடம் சுருங்கி, வெளியே வரும்போதே அமுங்கி வரும். திரும்பிப் பாயும் மோதல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே 27 டிகிரி செல்சியஸ், பூஸ்ட் 12 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். இழப்பே இல்லாத பிளோயராக இருந்தாலும் காற்று 56 டிகிரி சூடாகத்தான் செய்யும். அது இயற்பியல் விதி. பிளோயரின் திறன் 50 சதவீதம் என்றால் சூடு 112 டிகிரி ஏறும். 70 சதவீதம் என்றால் 80 டிகிரியோடு நிற்கும். ஆக, இன்டர்கூலரின் வாசலுக்கு வரும் காற்று ஒன்றில் 139 டிகிரி, இன்னொன்றில் 107. மீட்டர் முள் இரண்டிலும் அதே 12-இல்தான் நிற்கும். அடர்த்தி குறைந்த சூடான காற்று ஒரு பக்கம். எஞ்சின் நாக் அடிக்கும் (எரிபொருள் நேரம் தவறித் தானாகவே வெடிக்கும்) பயத்தில், ட்யூனில், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பில், தீப்பொறி டைமிங்கைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இன்னொரு பக்கம். பவர் இரண்டு வழியிலும் போகிறது.

அளவும் சேர்ந்து உதவுகிறது. எம்112 என்ற பெயரிலுள்ள 112, ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம் என்பதைக் குறிக்கும். லிட்டரில் சொன்னால் 1.84. விப்பிள் 2.3 அதைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலாக அள்ளும். அதே காற்றைக் கொடுக்க அது மெதுவாகச் சுற்றினால் போதும்.

இனி பொருளைப் பற்றி. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் இருக்கும் விப்பிள் நிறுவனத்தின் வார்ப்பும் கடைசலும் கையில் எடுத்துப் பார்க்கும்போதே மரியாதை வரவைக்கும். எனக்குக் கிடைத்தது ஒருவர் பயன்படுத்திய கிட். ரோட்டரை விரலால் சுற்றினால் எங்கும் பிடிக்காமல், ஒரே சீராக, கொஞ்சம் கனத்தோடு சுற்றியது. திருகுப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் ஒளி மட்டும் நுழையும் இடைவெளியில் கடந்துபோவதை வாசல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடலாம் போல இருந்தது. கியருக்கான எண்ணெய் அதற்குள்ளேயே தனி அறையில் இருக்கிறது. எஞ்சின் ஆயில் லைன் இழுக்க வேண்டியதில்லை.

பிளோயர் மட்டும் வாங்கினால் வேலை முடியாது. இதை விற்பவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஆகவே பெரிய இன்ஜெக்டர், பம்புக்கு வோல்டேஜ் கூட்டும் பூஸ்டர். கம்பெனி வைத்த காற்றளவு சென்சார் அதன் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு காற்று வருகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஆகவே பெரிய சென்சார். ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், இடைவெளியைக் குறைத்து. பிளக் மாட்டும்போது டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை வைக்கவே கூடாது. இந்த இரண்டு வால்வு 5.4 ஹெட்டில் பிளக்குக்கு இருக்கும் மரை மிகக் குறைவு. ஹெட்டிலிருந்து பிளக் பிய்த்துக்கொண்டு வெளியேறிய கதைகள் இந்த எஞ்சினுக்கு உண்டு. கடைசியாக, காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் வைத்து, சக்கரத்தில் பவரை அளக்கும் டைனோவில் செய்யும் ட்யூன். எல்லாம் சேர்த்து எனக்கு 7,000 டாலருக்கு மேல் ஆனது. அதில் பாதிக்கும் கொஞ்சம் மேலேதான் பிளோயர்.

பொருத்தியது ஒரு வொர்க்‌ஷாப்பில். பெயர் வேண்டாம். ஒரு வாரம் என்றார்கள், ஒரு மாதம் ஆனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே, காலை எடுத்துவிட்டுச் சும்மா உருட்டும்போதும் பிளோயர் விசிலடித்தது. இப்படி அடிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து போனட்டைத் திறந்து பார்த்தால், பைபாஸ் வால்வின் வேக்கம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சலை வால்வுக்குக் கொண்டுவரும் குழாய்) மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பூஸ்ட் தேவையில்லாத நேரத்தில் பைபாஸ் திறந்து, காற்றைப் பிளோயரின் வாசலுக்கே திருப்பிவிட வேண்டும். அதைத் திறப்பது எஞ்சினின் வேக்கம். ஹோஸ் இல்லாவிட்டால் ஸ்ப்ரிங் அதை மூடியே வைத்திருக்கும்; சிக்னலில் நிற்கும்போதுகூடப் பிளோயர் காற்றை வீணாக அரைத்து, தானும் சூடாகி, பெட்ரோலையும் தின்னும். ஒரு விரல் நீள ரப்பர் ஹோஸ். மாட்டினேன், விசில் அடங்கியது. வேலை முடிந்து வண்டியை வாங்கும் எவரும் சாவியைக் கையில் வாங்குமுன் அந்த ஹோஸை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

இப்போது பலன். லைட்னிங்கில் இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பத்தை அளக்க ஃபோர்டே ஒரு சென்சார் வைத்திருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓபிடி இணைப்பு வழியாக அதைப் படிக்கலாம். பழைய ஈட்டனில் 12 பி.எஸ்.ஐ.யோடு, சுமார் 33 டிகிரி வெயிலில் அடுத்தடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் அது 80 டிகிரியைத் தொடும். விப்பிளில் அதே 12, அதே ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதே அளவு வெயில். 55 டிகிரியை ஒட்டியே நின்றது. ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இன்டர்கூலர் தண்ணீரை ஆற்றும் அந்த முன்பக்கத்து ஹீட் எக்ஸ்சேஞ்சரை அப்போது மாற்றவில்லை.

டைனோவிலும் அதே கதைதான். சக்கரத்தில் அளந்த குதிரைத்திறன் 375-ஐ ஒட்டி இருந்து 430-ஐ ஒட்டி ஏறியது. என்னை மகிழ்வித்தது அந்த ஏற்றமல்ல. ஈட்டனில் இரண்டாவது ஓட்டத்திலேயே இருபது குதிரைகள் காணாமல் போகும். இதில் மூன்றாவது ஓட்டத்தின் கோடு முதல் ஓட்டத்தின் கோட்டின் மேலேயே படிந்து கிடந்தது. சாலையிலும் இந்த நம்பிக்கைதான் வித்தியாசம். நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் காலை வைத்தால் என்ன வரும் என்று வண்டி ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. வெயிலைப் பார்த்து அது சொல் மாறுவதில்லை.

சத்தமும் மாறியிருக்கிறது. ஈட்டனுடையது கரகரத்த ஊளை. இது மெல்லிய, மேலே ஏறிக்கொண்டே போகும் ஒலி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பழைய சத்தம்தான் பிடிக்குமாம்.

குறையென்று சொல்ல வேண்டியது ட்வின் ஸ்க்ரூவின் பிறவிக் குணம். பைபாஸ் திறந்திருந்தாலும் உள்ளே கொஞ்சம் அமுக்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் சீரான வேகத்தில் நீண்ட தூரம் போகும்போது ரூட்ஸைவிடக் கொஞ்சம் கூடுதல் சுமை. கேலனுக்கு 13 மைல் கொடுத்த வண்டி இப்போது 12-ஐச் சுற்றி வருகிறது. பெட்ரோலுக்காக யாரும் லைட்னிங் வாங்குவதில்லை. ஆனால் தினமும் அலுவலகத்துக்கு ஐம்பது மைல் போகிறவராக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் ஒருவர், நம் ஊர்க்காரர்தான், சின்னவர், டைனோ தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த பிளோயர்ல இன்னும் இடம் இருக்குல்ல, 18 வரைக்கும் ஏத்திடலாமே?" என்றார். பிளோயரில் இடம் இருக்கிறது, எஞ்சினில் இல்லை. இந்த 5.4-இன் கனெக்டிங் ராட்கள் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டுகள்)தான் அதன் பலவீனமான இடம். சக்கரத்தில் 500-ஐ நெருங்கும்போது ராட் வளைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த லைட்னிங்குகள் ஏராளம். அதற்குமேல் போக வேண்டுமென்றால் ஃபோர்ஜ்டு ராட், பிஸ்டன் என்று எஞ்சினையே பிரித்துக் கட்ட வேண்டும். கூடவே 4ஆர்100 கியர்பாக்ஸுக்கும் செலவு செய்ய வேண்டும். "தம்பி, பன்னிரண்டுலயே நிறுத்திக்கிறேன், இந்த எஞ்சின் எனக்கு வேணும்" என்றேன். 93 ஆக்டேன் பெட்ரோல், 11.5-ஐ ஒட்டிய காற்று-எரிபொருள் விகிதம், 12 பி.எஸ்.ஐ. கம்பெனி எஞ்சினை வைத்துக்கொண்டு இந்த வண்டியைப் பத்தாண்டு ஓட்ட நினைப்பவருக்கு இதுதான் என் பரிந்துரை. 91-தான் கிடைக்கும் மாநிலங்களில் இருப்பவர்கள் பூஸ்டில் இன்னும் ஓரிரண்டு பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் இந்த வயது வண்டிக்குப் புகைச் சோதனை உண்டு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்களைக் கழற்றாமல், ட்யூனில் எந்தச் சென்சாரையும் அணைக்காமல் வைத்திருப்பதால் ஓபிடி சோதனையில் எனக்குச் சிக்கல் வரவில்லை. கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே அந்த வண்டிக்கென்று மாநிலக் காற்று வாரியம் ஒப்புதல் எண் கொடுத்த கிட்டாக இருக்க வேண்டும். வாங்குமுன் எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வண்டிக்கான கிட் பெரும்பாலும் இரண்டாம் கையாகத்தான் சிக்கும். போய்ப் பார்க்கும்போது டார்ச் ஒன்றைக் கொண்டுபோங்கள். ரோட்டரின் விளிம்பிலும் கேஸின் உட்சுவரிலும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டியவன் அங்கே மாட்டிக்கொள்வான். புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. புல்லிக்குப் பின்னால் இருக்கும் மூக்கு சீலைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெயில் ஒரு துளி எடுத்து வெள்ளைத் துணியில் வையுங்கள். மினுமினுப்பு தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.