வாடகை வசூல் பண்ணித் தர்றேன்னு வர்ற ஆள நம்பாதீங்க, எனக்கு 52,500 போச்சு

இப்பத்தான் கும்பகோணத்துல இருந்து வர்றேன், இன்னும் கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

அப்பா போனப்புறம் மகாமகக் குளத்துப் பக்கம் இருக்குற எங்க வீட்டு மாடிய வாடகைக்கு விட்டேன். எனக்கு இதான் முதல் தடவ. வேலை திருவாரூர்ல, மாசாமாசம் போய் வாசல்ல நின்னு காசு கேக்க கூச்சம் வேற. அதனால ஆள் பிடிச்சு வைக்கிறது, வாடகை வாங்குறது எல்லாம் பாத்துக்குற ஒரு புரோக்கர் ஆபீஸ்ல விட்டேன்.

அந்தாளு பேசுன பேச்சு இருக்கே. "தம்பி, 2017 வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான், அக்ரிமெண்ட்ட 90 நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதியணும், எல்லாம் நான் பாத்துக்குறேன்"னார். அப்புறம் செருப்பக் கழட்டிட்டு அப்பா போட்டோ முன்னாடி நின்னு கும்பிட்டார். அங்கதான் விழுந்தேன்.

வாடகை 7,500. அட்வான்ஸ் 22,500, "மோட்டார் செலவு, பெயிண்ட் செலவு வரும், என்கிட்டயே இருக்கட்டும்". முதல் ரெண்டு மாசம் ஒண்ணாந்தேதி டாண்ணு ஜிபேல வந்துச்சு. அடுத்த நாலு மாசமும் "மாடியில குடியிருக்குற அம்மா தரல தம்பி, அவங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்ல, நெருக்காதீங்க".

இன்னிக்கு நானே போய் கத்திட்டேன். அந்தக்கா ஒண்ணும் பேசல, உள்ள போய் ஒரு நாப்பது பக்க நோட்ட எடுத்துட்டு வந்து நீட்டுனாங்க. தேதி, 7,500, அவன் கையெழுத்து, ஆறு மாசமும். (இனி என்ன 'ர்' மரியாதை.) எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்குறதுன்னு தெரியல.

போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கணக்கு டேலி பண்ணணும், அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். ஆபீஸ் பொண்ணு "சார் வேளாங்கண்ணி போயிருக்காங்க". ஸ்டேஷன்ல "சிவில் மேட்டர், பேசி முடிச்சுக்கங்க". அக்ரிமெண்ட்ல பதிவு நம்பரத் தேடுனா அப்படி ஒண்ணே இல்ல, சட்டம் பேசுனவன் பதியவே இல்ல. வாடகை 30,000, அட்வான்ஸ் 22,500, மொத்தம் 52,500. அந்தக்கா காலி பண்றப்ப அட்வான்ஸ நான்தான் கைக்காசு போட்டுத் தரணும். இதுல ஆலங்குடி குரு படத்த ஸ்டேட்டஸ் வச்சிருக்கான் படுபாவி.

டிப்ஸ் நெறைய எழுதலாம்னுதான் உக்காந்தேன். வாடகையும் அட்வான்ஸும் உங்க அக்கவுண்டுக்கே வரட்டும். குடியிருக்கிறவங்க நம்பர் உங்ககிட்ட இருக்கணும், புரோக்கர் சொல்றத அவங்ககிட்டயும் கேளுங்க. பதிவு நம்பர கண்ணால பாக்காம விடாதீங்க. 52,500ங்க. பக்கத்துக் கடைக்காரர் போன் பண்றார், ஆபீஸ் தொறந்திருக்காம், கிளம்புறேன்.