பான்ஃபில் பதினொரு வாரம்: ஸ்கீ பயிற்றுநர் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா?

பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குச் சேரும் முன் ஒரு வருடம் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அதில் பதினொரு வாரம் ஆல்பர்ட்டா மாகாணத்தின் பான்ஃபில், பனிச்சறுக்குப் பயிற்றுநர் ஆவதற்கான கோர்ஸ். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இதே மாதிரி பேக்கேஜ் விற்பவர்கள் நிறையப் பேர். யாரிடம் போவதென்றாலும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பயிற்சி அருமை, அதில் ஒரு குறையும் இல்லை. நான் ரொறன்ரோவில் ஏர்ல் பேல்ஸ் பூங்காவின் சின்ன மேட்டில், நகரசபை வகுப்பில் பழகிய ஆள். சன்ஷைன், லேக் லூயிஸ் மலைகள் வேறு உலகம். இரண்டாம் நாளே பயிற்சியாளர் பூட்ஸ் கொக்கிகளை எல்லாம் கழற்றிவிட்டு இறங்கச் சொன்னார், அதுவரை பூட்ஸின் முன்பக்கத்தில் சாய்ந்தே சமாளித்து வந்த எனக்கு உடம்பை எங்கே நிறுத்த வேண்டும் என்று அன்றைக்குத்தான் காலில் உறைத்தது. அப்புறம் எல்லோரையும் நிறுத்தி, திரும்பி நின்று பனியில் விழுந்திருந்த எங்கள் தடங்களைப் பார்க்க வைத்தார். திருப்பத்தில் இரண்டு கோடும் ஒரே ஆழத்தில் இருந்தால் எடை வெளிக்காலுக்குப் போகவில்லை. இன்றைக்கும் யார் இறங்கினாலும் என் கண் அந்தக் கோட்டுக்குத்தான் போகிறது.

சான்றிதழ் தருவது கனடிய ஸ்கீ பயிற்றுநர் சங்கம், 1938இல் தொடங்கியது. மொத்தம் நான்கு லெவல். லெவல் 1 மூன்று நாள், புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அது போதும். ஆனால் கற்பித்தலை நான் உண்மையில் கற்றது பான்ஃபுக்குப் பக்கத்தில் உள்ள நோர்க்வே மலையில், ஒரு மூத்த பயிற்றுநரின் குழந்தைகள் வகுப்பில் கூடவே போனபோதுதான். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று நகரமாட்டேன் என்று அழுதது. பயம் என்று நான் நினைத்தேன். அவர் ஸ்கீயைக் கழற்றி வைத்துவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்து, பிள்ளையின் கையுறையை உருவிப் பார்த்தார், உள்ளே நனைந்திருந்தது. தன் ஜாக்கெட்டிலிருந்து காய்ந்த ஜோடி ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். ஐந்து நிமிடத்தில் பிள்ளை "பீட்சா" போட்டு, அதாவது ஸ்கீ முனைகளைச் சேர்த்து வேகத்தைக் குறைத்து, இறங்கிக்கொண்டிருந்தது.

பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பும் பேக்கேஜில் இருந்தது. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடம்பில் அணியும் சமிக்ஞைக் கருவி ஒன்று உண்டு; அதைப் புதைத்து வைத்து, சமிக்ஞை பிடித்துத் தேடி, கம்பியால் குத்தி, மண்வெட்டியால் தோண்டிப் பழகினோம். இதைத் தவறவிடாதீர்கள்.

இனி கோபம் வந்த இடங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எட்டுப் பேர் என்றார்கள், முதல் மூன்று வாரம் பதினொரு பேர் இருந்தோம். கேட்டால் "சீசன் ஆரம்பம்" என்று பதில். தங்குமிடத்தில் பூட்ஸ் உலர்த்த வசதி இல்லை, வெளியே மைனஸ் 30 இருக்கும் காலையில் ஈர பூட்ஸுக்குள் காலை நுழைப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "வேலை உறுதி" என்றது கடைசியில் நேர்காணலுக்கு அனுப்புவது மட்டும்தான். கட்டியது 13,000 டொலர், விமானம், காப்புறுதி, பூட்ஸ் எல்லாம் தனி. ஆல்பர்ட்டாவில் குறைந்தபட்சச் சம்பளமே மணிக்கு 15 டொலர்தான், பல இடங்களில் வகுப்பு எடுத்த மணிக்குத்தான் கூலி. இந்தக் காசு ஒரு சீசனில் திரும்பி வராது.

லெவல் 1 மட்டும் போதும் என்றால் இவ்வளவு செலவு வேண்டவே வேண்டாம். சங்கத்திடம் நேரடியாகப் பதியலாம், பல மலைகள் சீசனுக்கு முன் புது ஆட்களைத் தாங்களே பழக்கி எடுக்கின்றன. லெவல் 2க்குக் குறி வைப்பவர்கள் போகலாம், நாள் தவறாமல் ஒருவர் பின்னால் நின்று திருத்துவது வேறெங்கும் கிடைக்காது. எனக்கு லெவல் 2இல் கற்பித்தல் பகுதி தேறியது, சறுக்கும் பகுதி தேறவில்லை, அடுத்த குளிர்காலத்தில் அந்தத் தேர்வுக்கு மறுபடி போகிறேன்.

பூட்ஸை மட்டும் இணையத்தில் வாங்காதீர்கள். கடையில் கால் அளந்து, போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நில்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு: பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ள இளைஞர்கள் கனடாவின் வேலை-விடுமுறை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே முதலில் விசாவைப் பாருங்கள், முன்பணத்தை அப்புறம் கட்டலாம்.