கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று மின்வாய்: இரண்டு மாரி பாவித்த பிறகு

யாழ்ப்பாணக் கிணறுகளுக்கு நைத்திரேற்று புதிய வியாதி இல்லை. சுண்ணக்கல் வெடிப்புகளூடாக வெங்காயத் தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிக் கசிவும் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். அதைக் கிணற்றடியிலேயே அளக்கப் பிவிசி மென்சவ்வு மின்வாய் போதும்: தண்ணீரில் தோய்த்தால் நைத்திரேற்றின் அளவுக்கேற்ப மில்லிவோல்ற்றுக் காட்டும் கோல். வலிகாமத்துச் செம்மண் கிணறுகளில் நம்பிப் பாவிக்கலாம். கடற்கரைப் பக்கமும் தீவுப் பகுதியிலும் அது கூட்டிச் சொல்லும்.

காரணம் குளோரைட்டு. மின்வாய் அதையும் கொஞ்சம் நைத்திரேற்றாக எண்ணிவிடும்; எவ்வளவு என்பதைத் தேர்திறன் குணகம் சொல்லும். அது 0.005 உள்ள மின்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீற்றருக்கு 1000 மில்லிகிராம் குளோரைட்டு உள்ள உவர்த் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் நைத்திரேற்று இல்லாமலே காட்டும். உண்மையில் 45 உள்ள கிணறு 54 ஆகி, உலக சுகாதார நிறுவனத்தின் 50 என்ற வரம்பைத் தாண்டிவிடும். 100 மில்லிலீற்றருக்கு 0.44 கிராம் வெள்ளிச் சல்பேற்று போட்டு, வீழ்படிவை வடித்துவிட்டு அளந்தால் சரிவரும். ஆனால் விலை கடி, கழிவை மண்ணில் ஊற்றவும் கூடாது. மலிவான வழி, நியமக் கரைசலிலும் (ஒப்பிட்டு அளக்கச் செய்யும், அளவு தெரிந்த கரைசல்) அதே அளவு குளோரைட்டைச் சேர்ப்பது: லீற்றருக்கு 1.65 கிராம் தூய சோடியம் குளோரைட்டு. கறியுப்பு வேண்டாம், அயடின் கலந்தது.

நியமம் செய்ய 1.631 கிராம் பொற்றாசியம் நைத்திரேற்றை ஒரு லீற்றராகக் கரைத்தால் 1000 மில்லிகிராம் நைத்திரேற்று. அதை ஐதாக்கி லீற்றருக்கு 10, 100 மில்லிகிராம் உள்ள இரண்டு நியமங்கள் செய்யுங்கள். நியமத்துக்கும் மாதிரிக்கும் 100 மில்லிலீற்றருக்கு 2 மில்லிலீற்றர் வீதம் 2 மோலார் அமோனியம் சல்பேற்று சேருங்கள், இரண்டிலும் அயன் செறிவு ஒத்துவர. நைத்திரேற்று பத்து மடங்கு கூடினால் 54 முதல் 60 மில்லிவோல்ற்று மாற்றம் வரவேணும்; இதுதான் சரிவு. ஒரு மில்லிவோல்ற்றுப் பிசகினால் விடை 4 சதவீதம் பிசகும். அதனால் வெயிலில் வந்த போத்தலையும் குளிரூட்டியில் இருந்த நியமத்தையும் ஒரே வெப்பநிலைக்கு வரவிட்டுத்தான் அளக்க வேணும். காந்தக் கலக்கி சூடாகும், முகவைக்குக் கீழே மட்டை வையுங்கள்.

பலர் கவனிக்காத இடம் ஒப்பீட்டு மின்வாய், அதாவது மில்லிவோல்ற்றை ஒப்பிட்டு அளக்கக் கூடவே தோய்க்கும் இரண்டாவது மின்வாய். உள்ளும் வெளியுமாக இரண்டு அறை உள்ள இரட்டைச் சந்தி வகையில் வெளி அறைக்குப் பொற்றாசியம் நைத்திரேற்று நிரப்பி விற்பார்கள். அது கசிந்து, அளக்கவேண்டிய பொருளையே மாதிரிக்குள் விடும்! அமோனியம் சல்பேற்றுக்கு மாற்றுங்கள்.

மென்சவ்வை ஆறு மாதச் சாமான் என்று நினைத்தே வாங்குங்கள். சரிவு 50க்குக் கீழ் போனாலோ, வாசிப்பு நிலைக்கப் பல நிமிடம் எடுத்தாலோ மாற்ற வேணும். மதுசாரத்தால் துடைத்தாலும் வடித்த நீரில் இரவிரவாக ஊறவிட்டாலும் அதற்கு முன்பே போய்விடும். நீர்த்த நியமத்தில் வைத்தால் நல்லது.

யூரியாவா, மலக்குழியா, வெடிமருந்து எச்சமா என்று இது பிரித்துச் சொல்லாது. சில அளவுக் கருவிகள் நைத்திரேற்றை அதிலுள்ள நைதரசனின் அளவாகக் காட்டும். அதில் 11.3 வந்தால் தண்ணீர் நல்லது என்று மகிழ வேண்டாம், 4.43ஆல் பெருக்கினால் அதுதான் அந்த 50.