20 அங்குலத்தில் 2 ஆண்டு, 17 அங்குலத்தில் 4 ஆண்டு

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய இரும்புக்கு நடுவே சாய்ந்து கிடந்தது அந்த மவுண்டன் பைக். 1990களின் தொடக்கத்தில் வந்த குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) ஃப்ரேம். என்ன அளவு என்று கேட்டேன். "இருபத்தாறு சார்" என்றார் விற்றவர். அவர் சொன்னது சக்கரத்தை. நம் ஊரில் சக்கரத்தைச் சொல்லித்தான் சைக்கிள் விற்கிறார்கள். ஃப்ரேமுக்கு அளவு கேட்கும் வழக்கம் 22, 24 அங்குலக் கறுப்பு சைக்கிள்களோடு போய்விட்டது.

சீட்டுக்குக் கீழே நிற்கும் ஃப்ரேம் குழாயான சீட் டியூபில், ஃப்ரேமின் அளவாக 20 என்ற எண் மங்கலாகத் தெரிந்தது. என் உயரம் 168 செ.மீ. பாருக்கு இருபுறமும் காலைப் போட்டு நின்றால் நுனிக்கால் ஊன்றியது. குரங்குப் பெடல் அடித்து சைக்கிள் கற்றவனுக்கு உயரமான பார் ஒரு பொருட்டா? வாங்கிவிட்டேன்.

விடுமுறை நாட்களில் கடலூர் வரை ஓட்டுவேன். அரியாங்குப்பம் தாண்டும்வரை ஒன்றும் தெரியாது. கிருமாம்பாக்கத்தில் கழுத்து பிடிக்கும். ரெட்டிச்சாவடியில் டீக்கு நிறுத்தினால் உள்ளங்கை மரத்து, சுண்டுவிரலுக்குக் கிளாசின் சூடே உறைக்காது. சீட்டை இறக்கினேன், முட்டி வலித்தது. முன்னால் தள்ளினேன், இன்னும் வலித்தது. வயதாகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு 2 ஆண்டை ஓட்டினேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரியவர் சைக்கிள் பழுதுபார்க்கிறார். என்னை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கால் எட்டுகிறதா என்று பார்த்து வாங்கியிருக்கிறீர்கள் தம்பி, கை எட்டுகிறதா என்று பார்க்கவில்லை" என்றார். டேப்பை நீட்டினார். சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டின் நடுவிலிருந்து ஹேண்டில் கழுத்தின் நடுவரை 58 செ.மீ.; அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் 13.5 செ.மீ. ஸ்டெம். குனிந்து பாய்ந்து ஓட்டுவதற்காக அந்தக் காலத்தில் அப்படிப் போட்டார்கள். எங்கோ தேடி 9 செ.மீ. ஸ்டெம் ஒன்றை மாட்டிவிட்டார். கழுத்து பிழைத்தது.

பார் மட்டும் பிழைக்க விடவில்லை. இன்றைய மவுண்டன் பைக்கில் பார் பின்பக்கம் சரிந்து இறங்கும். பழையதில் ஏறக்குறைய மட்டமாகவே போகும். ஃப்ரேம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு உயரம். ஆரோவில் செம்மண் பாதையில் மழை அறுத்த பள்ளத்தில் ஒருநாள் சட்டென்று நிற்க நேர்ந்தது. எங்கே இடித்தது என்று எழுத வேண்டியதில்லை.

அப்புறம்தான் ஒழுங்காக அளந்தேன். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கவட்டில் ஒரு தடித்த புத்தகத்தை இறுக்கிக்கொண்டேன். அதன் மேல்விளிம்பில் மகள் பென்சில் கோடு போட்டாள். தரையிலிருந்து 77 செ.மீ. கரடுமுரடான பாதைக்குப் பார் இதைவிட மூன்று அங்குலமாவது தாழ்ந்திருப்பது நல்லது. 77ஐ 0.883ஆல் பெருக்கினால் 68. இது சீட்டின் உயரத்துக்கு: இரண்டு பெடல் கைகளும் சேரும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம்வரை அத்தனை செ.மீ.

அடுத்து வாங்கியது 17 அங்குலம். அந்த எண்ணை நம்பி வாங்கவில்லை. சிலர் சீட் டியூபின் உச்சிவரை அளப்பார்கள், சிலர் பாரின் நடுவரை. ஒரே எண்ணுக்கு இரண்டு உயரம். டேப்போடு போனேன். நீளம் 55, ஸ்டெம் 10. ஓட்டிப் பார்த்ததும் முழங்கை தானாக மடங்கியது. சிறிய ஃப்ரேம் என்பதால் சீட் போஸ்ட் நிறைய வெளியே நிற்கிறது. சைக்கிளோடு வந்த போஸ்ட், இதற்கு மேல் வெளியே இழுக்கக்கூடாது என்று அதில் போட்டிருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டியதால் 30 செ.மீ. போஸ்ட் வேண்டியிருந்தது. விட்டம் 26.8 மி.மீ. கடைகளில் எளிதாகக் கிடைப்பதோ 27.2, உள்ளே இறங்காது. அலைந்துதான் வாங்கினேன். அலுமினியப் போஸ்ட், இரும்புக் குழாய், உப்புக்காற்று மூன்றும் சேர்ந்தால் போஸ்ட் இறுகிப்போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை உருவி கிரீஸ் தடவுகிறேன்.

4 ஆண்டாகக் கை மரக்கவில்லை. 20 அங்குலத்தை ஆறடி உயர மைத்துனருக்குக் கொடுத்தேன். கை நெருக்குகிறதாம், பரணில் கிடக்கும் அந்த 13.5 ஸ்டெம்மைக் கேட்டிருக்கிறார்.